வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளர்

1

போன வாரம் பெல்லமி துரையைக் கப்பலேற்றிவிட்டு வந்தேன். எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு நான் இங்கு வந்த பிறகு வாய்த்த பயிற்சியாளர்களில் அவர் ஆறாவது ஆள். முன்னால் இருந்த ஐந்து பேரையும் இப்படித்தான் ஏதாவது ஒரு துறைக்கோ ஸ்டேஷனுக்கோ போய் வழியனுப்பியிருக்கிறேன். பெல்லமி துரை என் கையைக் குலுக்கி, "நீங்கள் மட்டும் இல்லாவிட்டால், மிஸ்டர் பிள்ளை..." என்று தொடங்கினார். அதற்குள் கப்பல் சங்கு ஊதிவிட்டது. இதுவரை ஒருவருடைய வாக்கியத்தையும் நான் முழுதாகக் கேட்டதில்லை.

திரும்பும்போது டிராமில் ஏறாமல் கியாக்டடா வட்டாரம் வழியாக நடந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆபீஸ்கள் விடும் நேரம். சூலே பகோடாவைச் சுற்றி ரிக்ஷாக்களும் குமாஸ்தாக்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்காவது இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இங்கே இருப்பவர்களுக்கு இது பழைய கதை. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ரங்கூன் என்றால் அரிசி, தேக்கு, செட்டியார் கிட்டங்கி, துறைமுகக் கூலி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்பந்து என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மழை தொடங்கினால் இந்த ஊரில் பாதிப் பேர் வேறெதையும் பேசுவதில்லை. திருச்சியில் நான் ஆடிய காலத்தில் பந்தை உதைத்தால் புழுதிதான் முதலில் எழும். இங்கே சேறு. முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு, லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தெருவுக்குத் தெரு ஆடுகிறார்கள்.

2

நான் கணித ஆசிரியன். அந்த வேலைக்குத்தான் இந்தக் கல்லூரி என்னை வரவழைத்தது. விண்ணப்பத்தில், படித்த காலத்தில் கல்லூரி அணிக்குப் பின்காவல் ஆடியிருக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிதான் பிறகு என் சாயங்காலங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது.

பயிற்சியாளர் பதவி சீமையிலிருந்து வருகிறவருக்கு உரியது. அவர் வரும்வரை, அல்லது அவர் போய் அடுத்தவர் வரும்வரை, 'பொறுப்பு' நான். பொறுப்பில் இருப்பவனுக்குச் சில காரியங்களுக்கு அதிகாரம் இல்லை. புதுப் பந்து வாங்கச் சொல்லி எழுத முடியாது. அது நிரந்தரப் பதவியில் இருப்பவர் எழுத வேண்டியது. அதனால் பொறுப்புக் காலங்களில் நாங்கள் பந்தின் உள்பையைச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து ஒட்டி ஒட்டி ஆடினோம். ஒரு மழைக்காலம் முழுதும் ஒரு பக்கம் புடைத்த பந்தோடு ஆடியிருக்கிறோம். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று எங்களுக்கு மட்டும் தெரியும் என்பதால் சில ஆட்டங்களை ஜெயித்தோம் என்று பையன்கள் சொல்வார்கள்.

வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதலாமவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பந்தைத் தொடவிடாமல் ஓடவே வைத்தார். அடுத்தவர் பாதிரியார், பந்தை ஒருவனே கடைசிவரை கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய கட்சி. அவருக்குப் பின் வந்தவருக்கு மலேரியா கண்டது. அதற்கடுத்தவர் கல்யாணம் செய்துகொண்டு மேமியோவுக்கு மாற்றல் வாங்கிப் போனார். ஒவ்வொருவரும் வந்த உடனே செய்தது ஒன்றுதான்: முன்னவர் கட்டிய பின்காவலைக் கலைத்தார்கள்.

முன்வரிசையில் ஆடுகிறவனுக்குக் கால் வேகம் இருந்தால் எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் பிழைத்துக்கொள்வான். பின்காவல் அப்படியில்லை. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற அந்த இரண்டு பேரும் ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரிகிற அளவுக்குப் பழக வேண்டும். இவன் ஏறினால் அவன் இறங்க வேண்டும். அதைச் சொல்லிச் செய்ய நேரம் இருக்காது. அந்தப் பழக்கம் ஒரு மழைக்காலத்தில் வருவதில்லை. இங்கேயோ ஒரு மழைக்காலத்துக்கு மேல் யாரும் இருப்பதில்லை.

3

என் மனைவி காமாட்சி, "உங்களுக்கு ஏன் இந்த வேலை? சம்பளமா கூடத் தர்றாங்க?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள். அவளுக்கு ரங்கூன் பிடிக்கவே இல்லை. லால்குடியிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டியை அவள் இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. எப்படியும் திரும்பிப் போகப்போகிறோம், எதற்கு வீணாக எடுத்து அடுக்குவது என்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து, "அடுத்த தீபாவளி ஊர்லதான்" என்பாள். நானும் தலையாட்டுவேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ராமன். ஒன்பது வயதில் இங்கே வந்தான். பர்மியர்களுக்கு 'ர' வராது. 'ய' என்றுதான் சொல்வார்கள். அதனால் தெருவில் அவன் 'யாமா' ஆனான். வளர்ந்ததும், வாலிபர்களுக்கு மரியாதையாகச் சேர்க்கிற 'கோ'வும் சேர்ந்து 'கோ யாமா' ஆனான். சாயங்காலமானால் கீழே நின்று நாலைந்து பேர், "யாமா! யாமா!" என்று கூப்பிடுவார்கள். காமாட்சி காதைப் பொத்திக்கொள்வாள். "விளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல நின்னு எமனைக் கூப்பிடுறானுங்களே" என்பாள்.

அவனுக்குத் தமிழ் புரியும். எங்களோடு பேசவும் பேசுவான். ஆனால் பேச்சு நடுவே பர்மிய வார்த்தை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சாப்பிட்டாயா என்றால், "சா பீபி அப்பா, வேணாம்" என்பான். தூக்கத்தில் உளறினால் பர்மியத்தில்தான் உளறுவான்.

என் பர்மியம் அவனுக்குச் சிரிப்பு. அவன் எங்கள் கல்லூரியில் சேர்ந்து அணியில் ஆடத் தொடங்கிய பிறகு, ஒருநாள் மைதானத்தில் பின்காவல்காரர்கள் முன்னேறிப் போய்விட்டார்கள். நான் கோட்டருகே நின்று, "நௌக்! நௌக்!" என்று கத்தினேன். பின்னால், பின்னால் என்று அர்த்தம் என்று நினைத்தேன். வலது பக்கம் ஆடிய கோ டுன் ஷ்வே நின்று என்னைப் பார்த்து ஒரு கூத்தாட்டம் ஆடிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ராமன் ஓடிவந்தான்.

"அப்பா, வெறுமனே 'நௌக்'னு சொன்னா கேலி பண்ணுன்னும் அர்த்தம் வரும். 'நௌக் சௌக்'னு சொல்லணும். அப்பத்தான் பின்வாங்குன்னு ஆகும்."

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"ரெண்டு வருஷமா நீங்க அப்படித்தான் கத்துறீங்க. நாங்க பழகிட்டோம்."

கோ டுன் ஷ்வேயைப் பற்றி ஒரு வார்த்தை. மாவ்பி பக்கத்தில் நெல் விவசாயக் குடும்பம். அகலமான பாதம், வெறுங்காலோடு ஆடுவான், பூட்ஸ் காலுக்கு எதிரே காலை விடத் தயங்க மாட்டான். அணித் தலைவன் அவன்தான். என்னைச் 'சயா' என்பான். ஆசிரியரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

4

இதற்குள் கால்பந்துச் சட்டமே மாறிவிட்டது. விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தை வாங்க முன்னே போய் நிற்கிறவனுக்கும் எதிராளியின் கோலுக்கும் நடுவே எதிராளிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். இல்லையென்றால் ஆஃப்சைடு; அவன் ஆட்டம் செல்லாது. இதை வைத்துத்தான் நாங்கள் பிழைத்தோம். பின்காவல் இருவரில் ஒருவன் சரியான நேரத்தில் ஓரடி முன்னே வந்துவிட்டால் எதிராளி மாட்டிக்கொள்வான். தப்பினாலும் மற்றவன் பின்னால் இருக்கிறான், கோல்கீப்பரும் இருக்கிறான். ஓரடிதான் வித்தை. கோ டுன் ஷ்வேக்கு அது மூச்சுவிடுகிற மாதிரி வந்திருந்தது.

புதிய சட்டம், இரண்டு பேர் இருந்தால் போதும் என்றது. சீமையில் யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதியது, கப்பலில் வந்து இறங்கி, எங்கள் பின்காவலை ஒரே நாளில் அடித்துப்போட்டது. இப்போது எதிராளியை மாட்டவைக்க வேண்டுமானால் இருவருமே முன்னே வர வேண்டும். தப்பினால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

அப்போது பயிற்சியாளராக இருந்தவர் கிரேவ்ஸ் துரை. ஐந்தாமவர். "தைரியம் போதவில்லை. இன்னும் முன்னே வா" என்றார். வந்தார்கள். துறைமுக அணி எங்களுக்குப் போட்ட கோல்களை எண்ணுவதைப் பார்வையாளர்களே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் போலீஸ் அணி. அதிலும் அப்படித்தான். கோல்கீப்பர் பையன் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எடுத்து, கடைசியில் அழுதுவிட்டான். மூன்றாம் ஆட்டத்துக்கு முன் கிரேவ்ஸ் துரை மாந்தளையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பிரின்ஸ்பால் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "சரி சார்" என்றேன்.

இரண்டு பேர் போதாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது ஒருவன் பின்னால் வேண்டும். இரண்டு பின்காவலுக்கும் நடுவே, எதிராளியின் நடு முன்வரிசைக்காரனை ஒட்டியே நிற்க வேண்டும். யாரை எடுப்பது? முன்வரிசையில் ஒருவனைக் குறைத்தால் கோல் போட ஆள் இல்லை. மிஞ்சியது சென்டர் ஹாஃப். நடுவில் நின்று மேலும் கீழும் ஓடி ஆட்டத்தையே நடத்துகிறவன் அவன்தான். கைதட்டு முழுவதும் அவனுக்குத்தான். எங்கள் அணியில் அந்த இடத்தில் ஆடியது என் பிள்ளை.

அந்த வருஷம் ரங்கூன் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு. கல்கத்தாவுக்கு ஆடப் போகப்போகிற அணி. அதன் செயலாளர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எங்கள் ஆட்டங்களைப் பார்க்க வந்து உட்காருவார். ராமன் ஆட்டத்தை அவர் குறித்துக்கொள்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவனிடம் சொன்னேன். அவன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"பின்னால நிக்கணுமா? ஆட்டம் பூராவுமா?"

"ஆட்டம் பூராவும். முன்னால போகவே கூடாது."

"ஒருத்தன் பின்னாலயே காவக்காரன் மாதிரி திரிஞ்சா என்னை யாருப்பா பாப்பாங்க?"

"பாக்க மாட்டாங்க" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

காமாட்சி உள்ளிருந்து, "ஏன், வேற பையனே இல்லையா? ஊரான் பிள்ளையை நிக்கவைக்கிறது" என்றாள்.

"பின்னால நின்னு ஆட்டம் முழுசையும் படிக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

ராமன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டான். "நீங்க அப்பாவா கேக்கிறீங்களா, சயாவா கேக்கிறீங்களா?"

"சயாவாத்தான்."

"அப்ப சரி. அப்பாவா கேட்டிருந்தா முடியாதுன்னிருப்பேன்."

அவன் கீழே இறங்கிப் போனான். அவன் சொன்னதில் எனக்குப் பெருமை எவ்வளவு, வலி எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

5

மழை வலுத்தது. மைதானத்தில் தண்ணீர் நின்ற நாட்களிலும் மூன்று பேரையும் நிற்கவைத்துப் பழக்கினேன். கோ டுன் ஷ்வே வலது பக்கம், அந்தோணி என்ற தமிழ்ப் பையன் இடது பக்கம், நடுவே ராமன். மேலே ஏறுவதையும் ஓரடி முன்வருவதையும் மறக்கச் சொன்னேன். இப்போது வேண்டியது பொறுமை. ஆள் வரட்டும், அவனோடு போ, முதலில் பாயாதே, அவன் தடுமாறும்போது எடு. கேட்பதற்கு எளிது. பத்தொன்பது வயதில் பொறுமையைப் போலக் கஷ்டமான பாடம் வேறில்லை.

முதல் ஆட்டம் தோற்றோம், ஆனால் ஒரே கோலில். அடுத்தது சமன். அதற்கடுத்தது ஜெயித்தோம். பார்க்கிறவர்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை. "கல்லூரிப் பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறார்கள்" என்று டீக்கடையில் பேச்சு. வெள்ளைத் தொப்பிக்காரர் இரண்டு ஆட்டங்களுக்கு வந்தார், பிறகு வரவில்லை. ராமன் ஆட்டம் முடிந்து வந்தால் பக்கெட் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வான், பேசாமல் சாப்பிடுவான். முன்பெல்லாம் ஆட்டத்தை அம்மாவுக்கு நடித்துக் காட்டுவான். பின்னால் நிற்கிறவன் எதை நடித்துக் காட்டுவது?

இப்படி ஆடி ஆடி, யாரும் எதிர்பாராமல், இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே பட்டாள அணி. அந்த வாரம்தான் பெல்லமி துரை வந்து இறங்கினார்.

இளைஞர். மரியாதைக்காரர். வந்த அன்றே என்னைத் தேடி வந்து கைகொடுத்தார். இரண்டு நாள் பயிற்சியைப் பார்த்தார். மூன்றாம் நாள் ராமனைப் பழையபடி மைதானத்தின் நடுவுக்கு அனுப்பினார். "இவ்வளவு நல்ல சென்டர் ஹாஃபைக் கோல் வாசலில் கட்டிப்போடுவது பாவம்" என்று என்னிடம் சொன்னார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அதுவரை எந்தப் பயிற்சியாளரிடமும் நான் அப்படிப் போனதில்லை. இந்த ஒரு ஆட்டம் மட்டும் இப்படியே இருக்கட்டும், பிறகு உங்கள் இஷ்டப்படி மாற்றுங்கள் என்றேன். தேநீர் கொடுத்தார், முழுவதும் கேட்டுக்கொண்டார். "மிஸ்டர் பிள்ளை, தோற்றாலும் ஜெயித்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் செய்ய முடியும்?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

6

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கோ டுன் ஷ்வே அணியில் பாதிப் பேரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ராமனும் அவர்களோடுதான் நின்றான். செருப்புகளைப் படியிலேயே விட்டு வந்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். காமாட்சி காபி கொடுத்தாள்.

"சயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான் கோ டுன் ஷ்வே, பர்மியத்தில். "நாளைக்கு நாங்க மைதானத்துல இறங்க மாட்டோம்."

சும்மா மிரட்டுகிற பேச்சு இல்லை. சில வருஷங்களுக்கு முன் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறி உட்கார்ந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. செய்துகாட்டுவார்கள். ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் அந்தக் காலி மைதானத்தை நினைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

"வேண்டாம்" என்றேன். "நாளைக்கு இறங்கலைன்னா அடுத்த மழைக்கு இந்த அணியே இருக்காது. கலைச்சிடுவாங்க. போய் ஆடுங்க."

"அவர் சொல்றபடியா?"

"அவர் சொல்றபடி."

கோ டுன் ஷ்வே காபி தம்ளரைக் கீழே வைத்தான். "சயா எப்பவும் இப்படித்தான். யார் வந்தாலும் இடத்தை விட்டுக் கொடுத்துடுறீங்க. இது உங்க ஊர் இல்லைங்கிறதாலயா?"

காமாட்சிக்குப் பர்மியம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அவள்கூட நிமிர்ந்து பார்த்தாள். அவன் கும்பிட்டுவிட்டு எழுந்து போனான். மற்றவர்களும் போனார்கள். ராமன் மட்டும் காலித் தம்ளர்களை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு இறங்கினான்.

மறுநாள் ஆடினார்கள். மழையில் வழுக்கும் தரை. பட்டாளத்தாருக்கு பூட்ஸ், எங்கள் பையன்களுக்கு வெறுங்கால். ராமன் நடுவில் அழகாக ஆடினான். அவன் பந்தை வாங்கித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கூட்டம் ஆரவாரித்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் பின்னால், அவன் விட்டுப்போன இடத்தில், ஒரு மாட்டுவண்டி நுழைகிற இடைவெளி. பட்டாள அணியின் நடு ஆள் அதன் வழியே இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் கோல்.

இடைவேளையில் நான் எதிர்க்கோட்டின் பக்கம் நின்றிருந்தேன். அருகே போனால் நான்தான் ஏதோ தூண்டிவிட்டதாக ஆகிவிடும். பையன்கள் ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டு வட்டமாக நிற்பதும், ராமன் அந்த வட்டத்தை விட்டு பெல்லமி துரையிடம் போவதும் தெரிந்தது. பேசுவது கேட்கவில்லை. துரை தலையை அசைத்தார். ராமன் மறுபடியும் பேசினான். துரை பட்டாளத்தார் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கைகளை விரித்தார், சரி, உன் பாடு என்பது போல.

ஆட்டம் மறுபடி தொடங்கியபோது என் பிள்ளை பின்னால் போய் நின்றான். கோ டுன் ஷ்வேயும் அந்தோணியும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் அவரவர் இடத்துக்கு நகர்ந்துகொண்டார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் ராமனைத் தேடினார். கண்டுபிடித்ததும் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ராமன் அதைப் பார்த்தான். பார்த்தான் என்று எனக்குத் தெரியும். பட்டாள நடு ஆளுக்குப் பக்கத்தில் போய், அவன் நிழலைப் போல நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு கோலும் விழவில்லை. நாங்கள் ஒன்று திருப்பிப் போட்டோம். இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள். ஒரு கோலில் தோற்றோம்.

பெல்லமி துரை சேற்றில் மைதானத்தைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். "பின்னால் போகச் சொன்னது நீங்களா?"

"இல்லை."

"அப்படியானால் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார். கேட்கவும் கேட்டார், எல்லோர் முன்னிலையிலும். அந்த மனுஷர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

கல்கத்தா போகிற அணியில் வேறொருவனை எடுத்தார்கள். அந்த நாளைப் பற்றி நான் ராமனிடம் ஒரே ஒரு முறை பேசினேன்.

"யாருமே சொல்லாம ஏன் பின்னால போன?"

"ஆட்டம் அங்கதானே அப்பா இருந்துச்சு" என்றான்.

7

பெல்லமி துரை அந்தப் பின்காவலைக் கலைக்கவில்லை. முன்பு யாரும் இருந்திராத அளவு நீண்ட காலம் இருந்தார். அவருடைய இரண்டாம் மழைக்காலத்தில் கோப்பையை ஜெயித்தோம். ஒரே திட்டம், அதே ஆட்கள், அதே பயிற்சியாளர் என்று ஓர் அணி இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட்டேன். கோ டுன் ஷ்வேயும் ராமனும் பட்டம் வாங்கினார்கள். கோ டுன் ஷ்வே எங்கள் கல்லூரியிலேயே துணை ஆசிரியராகச் சேர்ந்தான். ராமனுக்குத் துறைமுக ஆபீஸில் வேலை. இப்போது பெல்லமி துரையின் தகப்பனார் சீமையில் படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் போகத்தான் வேண்டும்.

கப்பலேற்றிவிட்டு வந்த மறுநாள் பிரின்ஸ்பால் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கமான பேச்சு என்று நினைத்துப் போனேன். உட்காரச் சொன்னார்.

"சீமையிலிருந்து இனி ஆள் வரவழைப்பதாக இல்லை" என்றார். "பதவியை நிரந்தரமாக உங்களுக்கே கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். ஒன்றே ஒன்று. இன்னும் ஐந்து வருஷமாவது இங்கே இருப்பீர்கள் அல்லவா? அணிக்கு வேண்டியது இனி போகாத ஆள்."

பன்னிரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் காமாட்சியின் பிரிக்காத பெட்டி நினைவுக்கு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் போகிறார்களே என்று இத்தனை வருஷம் சலித்துக்கொண்டேன். போகிற எண்ணத்தோடு ஒவ்வொரு தீபாவளியையும் கழித்தவன் நானும்தான். மற்றவர்களுக்கு ஒரு வருஷத்தில் கப்பல் வந்தது. எனக்குக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

"கோ டுன் ஷ்வேயைக் கேளுங்கள் சார்" என்றேன். "அவனுக்கு ஊர் மாவ்பி. அவன் எங்கேயும் போகமாட்டான்."

பிரின்ஸ்பால் பெயரை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு தலையசைத்தார்.

செய்தி அன்றைக்கே அவனுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. கல்லூரி வாசலில் எனக்காக நின்றிருந்தான். அன்று என் வீட்டில் சொன்னதை அவனும் மறக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "சயா, நான் அப்போ..." என்று ஆரம்பித்தான். "நீ சொன்னது சரிதான்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது காமாட்சி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நிஜமாவே போறமா?"

"தை மாசக் கப்பல்ல இடம் சொல்லலாம்னு பாக்கிறேன்."

"எத்தனை பேருக்கு?"

நான் ராமனைப் பார்த்தேன். அவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். கேட்டவளுக்கே பதில் தெரியும். அவன் சொல்லிக் கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கு அம்மா" என்றான்.

அவள் அழவில்லை. அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, முழுவதும் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, எங்கள் இருவருக்கும் எதிரே நின்றான்.

"நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தகவல் சொல்லுங்கள். லீவு கிடைக்கும்போது நான் வந்து உங்களைப் பார்க்கிறேன்" என்றான்.

பத்து வருஷமாக அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. ஒரு பர்மியச் சொல்கூடக் கலக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து, தேடி எடுத்து, தப்பு வந்துவிடக் கூடாதே என்று கவனமாகச் சொன்னான், வெளியூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களிடம் பேசுவது போல.